கட்டி இல்லை, நெறிதான்: பாசி எடுக்கும் பெண்ணுக்கு வந்த குடலடைப்பு

நோயாளிக்கு வயது 61. கணவர் இறந்து பல வருடம். ஐந்து பிரசவம், கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். எடை 41 கிலோ. சர்க்கரையோ பிரஷரோ இல்லை என்றார். இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஊர், இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் உள்ள ஒரு கடற்கரைக் கிராமம். பெயரைச் சொல்லப் போவதில்லை. வழியில் அவரைப் பார்த்த இரண்டு மருத்துவ இடங்களின் பெயரும் இங்கே வராது. எங்கள் மருத்துவமனையின் பெயரும் வராது. பெயரைச் சொன்னால் யாரைக் குறை சொல்கிறேன் என்று தேடுவார்கள். அப்படித் தேடினால் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

தொழில், பாசி எடுப்பது. அதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். நோயும் அதில் இருக்கிறது, நோயை மறைத்த திரையும் அதில்தான் இருக்கிறது.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றும் நாட்களில், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் போல, இந்தப் பெண்கள் வள்ளத்தில் ஏறித் தீவுகளை ஒட்டிய கடலடிப் பார்களுக்குப் போகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, காலில் ரப்பர் செருப்பு அல்லது தகடு. மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை முங்குவீர்கள் என்று கேட்டதற்கு, "அதையெல்லாம் எண்ணுனா பாசி எடுக்க முடியுமாய்யா" என்றார். பை நிறைந்ததும் தண்ணீர் சொட்டச் சொட்ட வள்ளத்தில் ஏற்ற வேண்டும். கரையில் சாக்கைத் தலையில் தூக்க வேண்டும். மூச்சடக்குவதும் கனம் தூக்குவதும் வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றுபவை. நாற்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்த, ஐந்து பிள்ளை பெற்ற, ஒட்டி உலர்ந்த உடம்பு.

இன்னொன்று, கால். பார் என்பது பவளப்பாறை. செருப்பு போட்டாலும் கிழிக்கும். காலில் புண் வந்தால் கவட்டையில் நெறி கட்டும். காலிலிருந்து வரும் கிருமியைத் தடுக்க அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்குவதைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்கிறோம். பாசிக்குப் போகும் பெண்களில் நெறி கட்டாதவர் இருக்க மாட்டார். வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள், புண் ஆறினால் நெறியும் இறங்கிவிடும். இந்த அம்மாவுக்கு எட்டு மாதத்துக்கு முன் வலது உள்ளங்கால் கிழிந்திருக்கிறது. வலது கவட்டையில் சின்ன உருண்டை வந்திருக்கிறது. புண் ஆறிவிட்டது. நெறி இறங்கவில்லை. படுத்தால் சிறுத்தும், சாக்கு தூக்கினால் பெருத்தும் அது அங்கேயே இருந்திருக்கிறது. இந்த ஐந்து வாக்கியங்களும் எனக்குத் தெரியவந்தது ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள்.

முதல் நாள்

அமாவாசைக்கு மறுநாள். காலை பதினொரு மணிக்குக் கடலில் இருக்கும்போது தொப்புளைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வலி. வள்ளத்தில் ஏறி வாந்தி எடுத்தார். கூட வந்த பெண்கள் வெறும் வயிறு என்றார்கள். வலி வந்து வந்து போனது. போகும் இடைவெளியில் இரண்டு முறை மறுபடி முங்கியிருக்கிறார். அன்றைய கூலி வள்ளத்துக்கு டீசல் காசு போகத்தான் மிஞ்சும், பாதியில் வள்ளத்தைத் திருப்பச் சொல்லும் தைரியம் யாருக்கும் வராது.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு கிளினிக். வாயுத் தொல்லை என்று இரண்டு ஊசி. ஒன்று அமிலத்தைக் குறைப்பது, ஒன்று குடலின் இழுப்பைத் தளர்த்தி வலியை ஆற்றுவது. இரண்டாவது ஊசி நன்றாகவே வேலை செய்தது. அன்று இரவு தூங்கினார்.

வலி தொடங்கி எட்டு மணி நேரம். அந்தக் குடலைக் காப்பாற்றக்கூடிய நேரம் என்று ஒன்று இருந்ததென்றால் அதுதான். வயிற்றை அழுத்திப் பார்த்தார்களா என்று மருமகளிடம் கேட்டேன். "உக்காந்த வாக்குலயே அழுத்திப் பாத்தாங்க சார்."

இரண்டாம் நாள்

காலையில் பச்சையாக வாந்தி. ஓமத்தண்ணீர், சோடா, பிறகு வெந்நீர். வயிறு உப்ப ஆரம்பித்தது. மலமும் போகவில்லை, வாயுவும் பிரியவில்லை. மதியம் வாந்தி பழுப்பு நிறமாகி நாற்றமடித்ததும் மூன்று மணிக்கு வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ். ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றில் காற்று மிகுதியாக இருப்பதால் உறுப்புகள் சரியாகத் தெரியவில்லை என்று அறிக்கை. அது உண்மைதான், காற்று நிறைந்த குடலை அல்ட்ராசவுண்ட் ஊடுருவாது. ஆனால் ஏன் இவ்வளவு காற்று என்பதுதான் கேள்வி. இரவு ஒன்பது மணிக்கு, காலையில் பெரிய இடத்துக்குப் போய்க் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், எங்களிடம்

விடியற்காலை 108 வண்டி வந்து, ஆறு மணிக்கு எங்கள் அவசரப் பிரிவு. நாடித்துடிப்பு 118. ரத்த அழுத்தம் 90/60. மூச்சு நிமிடத்துக்கு 26. நாக்கு காய்ந்து பட்டையாக இருந்தது. வயிறு உப்பியிருந்தது, ஆனால் அழுத்தினால் கல்லாக இறுகவில்லை. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் குடல் வளையங்கள் படிப்படியாக, ஒவ்வொன்றிலும் அடியில் நீரும் மேலே காற்றும். சிறுகுடல் அடைப்பு. பணியிலிருந்த இளம் மருத்துவர் அதைச் சரியாகவே எழுதியிருந்தார். மூக்கு வழியாக ரைல்ஸ் குழாய் போட்டதும் 1,400 மி.லி. நாற்றத் திரவம் வெளியே வந்தது.

குழாய் போட்டதும் அந்த அம்மாவுக்கு வாந்தி நின்றது, வயிறு கொஞ்சம் தளர்ந்தது, முகம் தெளிந்தது. அவருக்கு நிம்மதி. எங்களுக்கும்தான். இந்த நிம்மதியைப் பற்றி யாரும் பாடம் எடுப்பதில்லை. குழாய் அடைப்பை எடுக்கவில்லை, அடைப்புக்கு மேலே தேங்கியதை எடுத்தது, அவ்வளவுதான். முதல் நாள் ஊசி செய்த வேலையை மூன்றாம் நாள் குழாய் செய்தது.

எட்டு மணிக்கு நான் ரவுண்ட்ஸ் வந்தேன். வயிற்றில் தொப்புளுக்குக் கீழே சின்னத் தழும்பு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தழும்பைப் பார்த்ததும் என் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பழைய ஆபரேஷனுக்குப் பிறகு குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பது மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட அடைப்பில் குடல் அழுகும் அறிகுறி இல்லாவிட்டால் வயிற்றைத் திறக்காமல் 72 மணி நேரம் வரைகூடக் காத்திருக்கலாம். பாதிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். ஒட்டுதல் என்று பெயர் வைத்தவுடன் காத்திருக்கும் உரிமை எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த உரிமையைத்தான் நான் அனுபவித்தேன்.

ஒரு கேள்வி கேட்டேன். அதையும் பதிவு செய்ய வேண்டும். "கவட்டையில கட்டி கிட்டி ஏதும் இருக்காம்மா?"

"இல்லைங்கய்யா."

நாற்பது படுக்கை வார்டு. மறைப்புத் திரை ஒன்று, சக்கரம் உடைந்தது, மூலையில் சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சேலையை இரண்டு கையாலும் இடுப்போடு பிடித்திருந்தார். கேள்வி கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று. நான் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். குடலடைப்பு என்றால் குடலிறக்கம் (வயிற்றுச் சுவரின் இடைவெளி வழியே குடல் வெளியே பிதுங்குவது) வரக்கூடிய இடங்களை எல்லாம் கண்ணால் பார், விரலால் தொடு என்று மாணவர்களுக்கு எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு கதை.

ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளணுக்கள் 17,400. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.1, இருமடங்கு. சோடியம் 131, பொட்டாசியம் 3.0. ஹீமோகுளோபின் 10.2, அதுவும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது. நீர் ஏறினால் இன்னும் கீழே போகும். வெள்ளணு எண்ணிக்கை இவ்வளவு ஏறியிருப்பது குடல் அழுகுவதன் அறிகுறியாக இருக்கலாம்; அதைப் பார்த்து நான் அந்த அம்மாவிடம் திரும்பிப் போயிருக்க வேண்டும். சிறுநீரகம் இப்படி இருக்கையில் சாயம் ஏற்றி சி.டி. எடுக்க வேண்டாம், நீர் ஏற்றிவிட்டு மதியத்துக்கு மேல் பார்க்கலாம் என்றேன். சாயம் இல்லாமலே எடுத்திருந்தாலும் தெரிந்திருக்கும். விரல் வைத்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

நண்பகல் ஒன்றே முக்கால்

ஆறு மணிக்கே போட்டிருக்க வேண்டிய சிறுநீர்க் குழாயை, ஆள் பற்றாமல், ஒன்றே முக்காலுக்குத்தான் போட முடிந்தது. உடைந்த திரையை ஒரு கையால் இழுத்து வைத்துவிட்டுக் குழாய் போட்ட ஸ்டாஃப் நர்ஸ் என்னைக் கூப்பிட்டார்.

"சார், யூரின் நாப்பது மில்லிதான் வந்திருக்கு. அப்புறம், வலது பக்கம் நெறி கட்டுன மாதிரி ஒண்ணு இருக்கு. தொட்டா ஆத்தா துடிக்கிறாங்க. செவந்து போயிருக்கு."

போய்ப் பார்த்தேன். அரை எலுமிச்சங்காய் அளவு. தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஓடும் மடிப்புக்குக் கீழே, பூப்பெலும்பின் முனைக்கு வெளிப்புறமாக. இருமச் சொன்னால் அசையவில்லை. உள்ளே போகவில்லை. மேலே தோல் செம்மை ஏறி, தொட்டால் வலி. ஃபீமோரல் ஹெர்னியா, தமிழில் தொடைக் குடலிறக்கம். உள்ளே மாட்டிய குடல் இறுகி, ரத்தம் போகாமல் இருக்கிறது. நெறி என்று நினைத்தது நெரிபடும் குடல். எழுத்தில் றகரத்துக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு. எங்கள் கரையில் பேச்சில் அதுவும் கிடையாது.

இந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடைக்குப் போகும் பெரிய சிரைக்கு உட்பக்கம் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு வழி இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் உட்பக்கமும் கயிறு போன்ற தசைநார்கள். வெளிப்பக்கம் மட்டும் சிரை. மூன்று பக்கம் விரியவே விரியாத வாசல். வழக்கமாக அதற்குள் கொஞ்சம் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். வயதாகி உடம்பு வற்றினால் கொழுப்பும் வற்றும். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம் என்பதால் வாசலும் கொஞ்சம் அகலம். அதனால் இந்த வகை இறக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதிலும் மெலிந்த வயதான பெண்களுக்கு. வெளியே தெரியும் உருண்டை சின்னதாக இருக்கும். உள்ளே நுழைந்த குடல் வீங்கினால் வாசல் விட்டுக்கொடுக்காது. 1991-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வின்படி, தொடைக் குடலிறக்கம் வந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் நெரிபடும் வாய்ப்பு 22 சதவீதம், 21 மாதத்துக்குள் 45 சதவீதம். சாதாரணக் கவட்டைக் குடலிறக்கத்துக்கு மூன்று மாதத்தில் 2.8, இரண்டு வருடத்தில் 4.5. பிந்தையதைச் சில சமயம் பொறுத்துப் பார்க்கலாம். முந்தையதைக் கண்டால் தேதி குறிக்க வேண்டும்.

இளம் மருத்துவர் ஒருவர் மெல்ல உள்ளே தள்ளிப் பார்க்கலாமா என்றார். கூடாது. ஐம்பது மணி நேரமாக மாட்டிய குடல் அழுகியிருக்கும். தள்ளினால் அழுகிய குடல் வயிற்றுக்குள் போய்விடும், உருண்டை மறைந்துவிடும், எல்லாரும் சந்தோஷப்படுவோம், இரவில் நோயாளி போய்விடுவார்.

இரண்டரை மணி நேரம்

கண்டுபிடித்ததற்கும் கத்தி வைத்ததற்கும் நடுவே இரண்டரை மணி நேரம் போனது. தியேட்டரில் சிசேரியன் ஓடிக்கொண்டிருந்தது. மயக்க மருத்துவர் அன்று ஒருவர்தான். அதை வீணான நேரம் என்று சொல்ல மாட்டேன். இந்த நிலையில் நேராக மேசையில் ஏற்றினால் மயக்க மருந்து கொடுத்த நிமிடமே ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ரிங்கர் லாக்டேட் வேகமாக ஏற்றினோம். இரண்டு ஆன்டிபயாடிக் முதல் பத்து நிமிடத்தில் போனது. சிறுநீர் கொஞ்சம் வரத் தொடங்கியதும் பொட்டாசியத்தை மெதுவாக ஏற்றினோம். 41 கிலோ உடம்புக்கு மணிக்கு இருபது மில்லி சிறுநீராவது வர வேண்டும். மூன்றரை மணிக்கு அந்த அளவு வந்தது. நீர் ஏறிய பிறகு ஹீமோகுளோபின் 8.6, ஒரு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்தோம்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் வந்தது. நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல். வண்டி ஏற்றி, அங்கே இறக்கி, புதிதாகப் பார்த்து, தியேட்டர் கிடைப்பதற்குள் இரவு எட்டாகிவிடும். இங்கேயே செய்வது என்று முடிவு.

வீணான நேரம் வேறு இடத்தில் போனது. மகன் தங்கு கடல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போயிருக்கிறார், போன் எட்டவில்லை. "அவுக வரட்டும் சார், நான் எப்படிக் கையெழுத்துப் போட" என்று மருமகள் அழுதார். முப்பது நிமிடம் ஆட்களை மாற்றி மாற்றிப் பேசினோம். பிறகுதான் எனக்கு உறைத்தது. நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. வயது 61. இது அவருடைய வயிறு. அவரிடமே கேட்டிருக்க வேண்டும்; சட்டமும் அதைத்தான் சொல்கிறது. போய் உட்கார்ந்து சொன்னேன்: குடல் மாட்டியிருக்கு, கறுத்துப் போயிருக்கும், அறுத்து எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், உயிருக்கு ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் ஆபத்து நிச்சயம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "செய்ங்கய்யா. மய்யக் கொண்டாங்க." கைநாட்டு வைத்தார்.

தியேட்டர்

முதுகில் ஊசி போட்டுச் செய்வதில்லை என்று மயக்க மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நீர் வற்றிய உடம்பில் அது அழுத்தத்தை இன்னும் கீழே தள்ளும். முழு மயக்கம். மயக்கும் முன் ரைல்ஸ் குழாயை மறுபடி உறிஞ்சி, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போகாதபடி மூச்சுக்குழாய்க்குள் வேகமாகக் குழாய் இறக்கினார். 4.10-க்குத் தோலைத் திறந்தேன். வலி தொடங்கி 53 மணி நேரம். அதில் பத்து மணி நேரம் எங்கள் கூரைக்கு அடியில்.

முதலில் உருண்டைக்கு மேலே சின்னக் கீறல். பையைத் திறந்ததும் பழுப்புத் திரவம், நாற்றம். அதற்குள் கறுத்த குடல். அது போதும், தொப்புளுக்குக் கீழே நடுவில் வயிற்றைத் திறந்தோம். உள்ளிருந்து பார்த்தால் சிறுகுடலின் ஒரு வளையம் அந்த வாசலுக்குள் இழுபட்டு நின்றது. அதற்கு மேலே உள்ள குடல் சைக்கிள் டியூப் போல உப்பி, கீழே உள்ளது ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது. பழைய ஆபரேஷன் தழும்புக்குக் கீழே ஓர் ஒட்டுதல்கூட இல்லை. கண்ணாடி போல இருந்தது.

வாசலை விரிக்க உட்பக்கத் தசைநாரைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். சிலருக்கு அந்த நாரை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடும். தெரியாமல் வெட்டினால் நிறுத்த முடியாமல் கொட்டும். பழைய உடற்கூற்றியலாளர்கள் அதற்கு மரணக் கிரீடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விரலால் தடவி, துடிப்பு இல்லை என்று பார்த்து, கத்தியின் நுனியால் இரண்டு மில்லிமீட்டர். குடல் விடுபட்டது.

வெளியே எடுத்த வளையத்தில் பத்து சென்டிமீட்டர் கரி போல. அதில் கேள்வியே இல்லை. இரு புறமும் ஊதா நிறமான பகுதிதான் கேள்வி. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி, முழு ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, பத்து நிமிடம் காத்திருந்தோம். தியேட்டரில் இது விநோதமான பத்து நிமிடம். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு துணிப் பொதியைப் பார்த்துக்கொண்டிருப்போம். துணியை விலக்கினால் ஒரு பக்கம் சிவந்து, பளபளப்பு வந்து, சுண்டினால் புழுப்போல நெளிந்தது, ரத்தக்குழாய் துடித்தது. மறுபக்கம் மங்கலாகவே இருந்தது. மங்கலானதைச் சேர்த்து மொத்தம் 22 சென்டிமீட்டர் எடுத்து, இரண்டு முனைகளையும் கையால் தைத்து இணைத்தேன். இடையில் ரத்த அழுத்தம் விழுந்து, அதை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்க வேண்டியிருந்தது. முனைகளை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மருந்தின் அளவு குறைந்துகொண்டே வந்ததால் இணைத்தேன். அது சரியான முடிவாக முடிந்தது. சரியான முடிவாக இருந்ததா என்பது வேறு.

வாசலை நைலான் வகை நூலால் மூன்று தையலில் மூடினோம். அழுகலும் கிருமியும் இருந்த இடத்தில், வாசலைப் பலப்படுத்தும் வலை வைப்பதில்லை. கவட்டைத் தோலைத் தளர்வாகத் தைத்தோம். எல்லாம் 95 நிமிடம்.

பிறகு

இரவு முழுதும் வென்டிலேட்டர், மறுநாள் காலை குழாயை எடுத்தோம். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. வாந்தி கொஞ்சம் உள்ளே போயிருந்ததால் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டியது. இரண்டாம் நாளே எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி கொடுத்தோம். நாற்பது வருடம் மூச்சை அடக்கிப் பழகியவர். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த மூன்று உருண்டைக் கருவியில் மூன்றையும் மேலே ஏற்றி அப்படியே நிறுத்திக் காட்டினார். வார்டில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

நான்காம் நாள் நாடித்துடிப்பு 110, காய்ச்சல். இந்த நாட்களில்தான் குடல் தையல் விடும். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் கவட்டைக் காயத்தில் சீழ். இரண்டு தையலை வெட்டி விட்டதும் காய்ச்சல் இறங்கியது.

அன்று கட்டுப் போடும்போதுதான் கேட்டேன். "அம்மா, அன்னைக்கு நான் கேட்டேனே, கவட்டையில கட்டி இருக்கான்னு. ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "கட்டி இல்லையேய்யா. நெறிதான இருந்துச்சு. நெறி இருக்கான்னு கேட்டிருந்தா இருக்குன்னு சொல்லியிருப்பேன்ல."

கூச்சத்தில் மறைத்தார் என்று நான்கு நாளாக நினைத்திருந்தேன். ஆண் டாக்டர், நாற்பது படுக்கை, உடைந்த திரை என்று எனக்கு நானே காரணம் எழுதி வைத்திருந்தேன். கூச்சம் இருந்தது, உண்மை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார். கட்டி என்றால் அவர் ஊரில் கத்தி வைத்துக் கீறுவது, இல்லை புற்று. நெறி என்பது நோயே அல்ல. தொழிலோடு வருவது, கை காய்ப்பு மாதிரி. நான் இதே கடற்கரையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவன். அந்தச் சொல் எனக்குத் தெரியாததும் அல்ல.

ஐந்தாம் நாள் வாயு பிரிந்தது. ரவுண்ட்ஸில் நாங்கள் கேட்கும் கேள்விகளிலேயே முக்கியமானது அதுதான். அவர் அதைத் தலையைக் குனிந்து மருமகளிடம் சொல்லி, மருமகள் நர்ஸிடம் சொல்லி, நர்ஸ் எனக்குச் சொன்னார். மறுநாள் கஞ்சித்தண்ணி, பிறகு இட்லி. கிரியாட்டினின் எட்டாம் நாள் 1.0. பதினாறாம் நாள் வீட்டுக்குப் போனார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கணக்கு முடிந்தது. மகன் கடலிலிருந்து வந்து குடும்ப அட்டையைக் கொண்டுவந்தார்.

கணக்குப் பார்த்தல்

எங்கள் மாதக் கூட்டத்தில் இந்த நிகழ்வை நானே வைத்தேன். ஆறு மணிக்கே பார்த்திருந்தாலும் அந்தக் குடல் தப்பியிருக்காது, ஏற்கெனவே 43 மணி நேரம் ஆகியிருந்தது என்று ஒரு சக மருத்துவர் எனக்காகப் பேசினார். இருக்கலாம். ஆனால் சிறுநீரகம் அந்த அளவு அடிபட்டிருக்காது, நார்அட்ரினலின் தேவைப்பட்டிருக்காது என்று நான் நினைக்கிறேன். அடைப்பு என்ற சொல்லோடு நின்றிருந்தால் நாங்கள் தேடியிருப்போம். ஒட்டுதலால் வந்த அடைப்பு என்று எழுதியதும் தேடுவதை நிறுத்திவிட்டோம். அந்த வார்த்தையை எழுதியது நான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 இறுதியிலிருந்து பெரியவர்களுக்குச் செய்யும் அவசரக் குடல் அறுவைகளைத் தேசிய அளவில் பதிவு செய்கிறார்கள். எத்தனை மணிக்கு வந்தார், எப்போது சி.டி., எப்போது ஆன்டிபயாடிக், எப்போது கத்தி, மூத்த மருத்துவர் இருந்தாரா, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாரா என்று. தொடக்க ஆண்டுகளின் கணக்கில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் கொஞ்சம் அதிகம். அவ்வளவு வசதி உள்ள இடத்திலேயே அப்படி. அந்தப் படிவத்தைப் பார்த்து நாங்களும் ஒரு நேரக் குறிப்புத் தாள் தயாரித்தோம். நல்ல தாள். ஆனால் அதில் இந்த அம்மாவை நிரப்பிப் பார்த்தபோது எல்லாக் கட்டமும் நிரம்பியது, கவட்டையைப் பார்த்தீர்களா என்ற கட்டமே இல்லை.

அதனால் சேர்க்கைத் தாளில் பேனாவால் ஒரு வரி சேர்த்தோம், இப்போது ரப்பர் ஸ்டாம்பாக இருக்கிறது: "நெறி / இறக்கம் / உருண்டை / ஓதம் — பார்த்தவர், மணி." கேட்டவர் என்று போடவில்லை. ஓதம் ஆண்களுக்காக. விரைவீக்கத்துக்கும் கடல் பெருக்கத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் ஊரில், ஆண்கள் அதை இன்னும் எளிதாக மறைப்பார்கள். திரைக்குப் புதுச் சக்கரம் போட முன்னூற்றைம்பது ரூபாய் ஆனது. நானே கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். 43 கிலோ. காயம் ஆறியிருந்தது. எப்போது கடலுக்குப் போகலாம் என்றார். மூன்று மாதம் சாக்கு தூக்கக் கூடாது என்றேன். "முங்கலாம்ல?" என்றார். அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் பார்த்ததில்லை. பை இல்லாமல் முங்குவதாக இருந்தால் முங்குங்கள் என்றேன். பை இல்லாமல் எதற்கு முங்க என்று சிரித்தார்.

கூட இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். இருவருக்கும் நெறி. சிஸ்டரோடு திரைக்குள் போய்ப் பார்த்தோம். ஒருவருக்கு உண்மையிலேயே நெறிதான். குதிகாலில் பவளக் கீறல் சீழ் பிடித்திருந்தது, சுத்தம் செய்து டி.டி. எனும் டெட்டனஸ் தடுப்பு ஊசியும் மாத்திரையும் கொடுத்தோம். இன்னொருவருக்குக் காலில் புண்ணே இல்லை, உருண்டை மட்டும் இருந்தது. படுத்ததும் விரலுக்கு அடியில் நழுவி உள்ளே போனது. அடுத்த வாரமே ஆபரேஷன் என்றேன். அவர் விரல் விட்டு நாள் எண்ணினார்.

"பௌர்ணமி கழிச்சு வச்சுக்கலாமா சார்? அந்த ஆறு நாளும் நல்ல தண்ணி."

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. அந்த அம்மா நடுவில் புகுந்து, "ஏடி, நான் பட்டது போதாதா?" என்று அதட்டினார். பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னதாகத் தேதி எழுதிக் கொடுத்தேன்.